இறங்காத ராக்கெட்டும் என் துண்டும்

ஒரு பக்கம் செம்மணல் குன்றாகக் குவிந்த தேரி, ஒரு பக்கம் உப்புக் கடல், நடுவில் நாய் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிற எங்கள் ஊத்துவிளையில், கம்பெனிக்காரன் கொடுத்த பொம்மை ராக்கெட்டை நாங்கள் விட்ட அன்றைக்கு அது மேலே போனது, போன இடத்தில் நின்றது, இப்போது இறங்கும் நாளைக்கு இறங்கும் என்று ஊர் கழுத்து வலிக்கப் பார்த்தது, அது வெகுநாள் இறங்கவே இல்லை. அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. மச்சுப்படியில் ஏறிவிட்டு இறங்க மாட்டேன் என்று நிற்கிற வெள்ளாட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். எனக்கு அதிசயமாகப் பட்டது கீழே நடந்ததுதான்.

என் பெயர் பேராச்சி. ஆட்டுத் தரகு. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு தள்ளிவிட்டது, மிச்சத்தைச் சந்தை சொல்லிக்கொடுத்தது, சந்தை அடித்துத்தான் சொல்லிக்கொடுக்கும். எங்கள் தொழிலில் பேரத்தை வாயால் பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்போம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, கட்டைவிரலோடு சேர்த்துக் கையை முழுசாக அமுக்கினால் மொத்தமும் எனக்கு என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிறவன் மறுநாள் சந்தைப் பக்கம் வர வேண்டாம். அப்பா செத்த வருஷம் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் சந்தைக்குள் நுழைந்தபோது, பொம்பளை கையை எப்படிப் பிடிக்க என்று ஒரு யாவாரி நெளிந்தார். "ஆட்டு மடுவப் பிடிச்சுப் பாக்கும்போது கேட்டீராவே இத?" என்றேன். அன்றிலிருந்து யாரும் நெளியவில்லை. அந்தத் துண்டு பகலில் என் தோளை விட்டும், படுத்தால் என் தலையை விட்டும் நீங்கியதில்லை.

என் தம்பி லிங்கதுரை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான்தான் அவனுக்கு இரண்டும். காலேஜ் வரை படிக்க வைத்தேன், படித்துவிட்டு என்னோடு சந்தைக்கு வந்தான். சின்னதில் ஒரு கிடா முட்டி அவன் வலது கட்டைவிரல் நுனி இரண்டாகப் பிளந்துபோனது, ஆட்டுக் குளம்பு மாதிரி. நான் கத்துவேன், அவன் சமாதானம் பேசுவான். நான் கோபித்துக்கொண்டு எழுந்து போவேன், அவன் யாவாரியைத் தோளில் தட்டி உட்கார வைப்பான். அப்படித்தான் எங்கள் தொழில் ஓடியது.

இந்த ஊரில் ராக்கெட் விடப் போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. நிலத்துக்கு என்ன ஏது என்பதை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊத்து. தேரி அடிவாரத்தில் ஒரு பள்ளம், அதில் கண் மாதிரி ஒரு துளை, அதிலிருந்து கொப்புளித்து வருகிற தண்ணீர். கடல் இத்தனை பக்கத்தில் கிடந்தும் இளநீர் மாதிரி இருக்கும். ஊருக்கு அதுதான் பெயர் வைத்தது, ஊரை அதுதான் குடிவைத்தது, எங்கள் ஆடுகள் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. கம்பெனி வேலி அதற்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும் என்று பேச ஊர் என்னை அனுப்பியது.

மேனேஜர் வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "கையெழுத்துப் போட்டாப் போதாதாம்மா?" என்றார்.

"கையெழுத்து உங்களுக்கு சார். எனக்குக் கைதான். துண்டுக்குள்ள விடுங்க."

சிரித்துக்கொண்டே விட்டார். விரல் பாஷையை லிங்கதுரை அவருக்கு முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தான். வேலி ஊத்துக்கு நாலு கயிறு முன்னாலேயே நிற்க வேண்டும், கயிறு என்றால் ஆட்டை மேய்ச்சலுக்குக் கட்டுகிற நீளக் கயிறு. அவர் ஒரு விரலைப் பிடித்தார், நான் உதறினேன். இரண்டைப் பிடித்தார், நான் எழுந்து போனேன், லிங்கதுரை கூட்டிவந்தான். வெயில் சாயும்போது நாலு விரலையும் பிடித்தார்.

"அவ்வளவுதானே?" என்றார்.

"கயிறு மாத்தணும் சார்." எங்கள் வழக்கத்தில் பேரம் பேசினால் மட்டும் முடிந்ததாகாது. கயிறு கைமாற வேண்டும். பேரம் முறிய வேண்டுமென்றால் அதே கயிறு திரும்பிப் போக வேண்டும். அதற்கு நடுவில் எந்தக் கொம்பனும் பேச்சு மாற முடியாது. மேனேஜரிடம் கயிறு இல்லை. காருக்குள் தேடினார், பின் சீட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். "இது எங்க ராக்கெட்டோட மாடல். பார்ட் பார்ட்டா இருக்கும். நீங்களே ஒட்டலாம், நிஜமாவே பறக்கும். இத வச்சுக்கோங்க." பெட்டிக்குள் ஒரு ரப்பர் கயிறும் கிடந்தது. அது போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் எல்லைக் கல் நடுகிற நாள். எனக்குச் சந்தைக்குப் பஸ் வந்துகொண்டிருந்தது. நின்று இடம் காட்டச் சொல்லி லிங்கதுரையை நிறுத்தினேன். "எக்கா, வெயில் மண்டையப் பொளக்கு. துண்டத் தந்துட்டுப் போ, தலையில கட்டிக்கிடுதேன்" என்றான். கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு தோள் லேசாக இருந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் துவைத்துக் காயவைத்துத் திருப்பித் தந்தான். துவைத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்லைப் பார்க்கப் போனபோது தேரி மணல் அதை மூடியிருந்தது. தேரி அப்படித்தான், காற்றடித்தால் பனையையே இடுப்பு வரை முழுங்கும்.

பிறகு ராக்கெட்டை ஒட்ட உட்கார்ந்தோம். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, தக்கை மாதிரி லேசான மரத்தில் நாலு இறக்கை, மூக்குக்குள் வைக்கக் கொஞ்சம் களிமண். எனக்கு இடுப்பு உயரம் வந்தது. பெட்டி மேலிருந்த படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். படத்தில் இறக்கை சின்னதாக இருந்தது, கையிலிருந்தது பெரிது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏல, ஏமாத்திட்டாம்லா. இது வேற ராக்கெட்டுக்குள்ளது."

லிங்கதுரை இங்கிலீசில் போட்டிருந்ததை வாசித்தான். "இல்லக்கா. அசல் ராக்கெட்டு தன் இஞ்சினத் திருப்பித் திருப்பி நேரா போவும். இதுக்கு அந்தப் புத்தி கிடையாது. இறக்கை சின்னதா இருந்தா குப்புற விழும். அதனால பெருசா வச்சிருக்கான். அரைக்கு அரைதான் அசல். எங்கெங்க மாத்தணுமோ அங்கங்க மாத்திட்டு, பாக்க அசல் மாதிரியே செய்யுதது."

"அப்பம் பாக்கவன் நம்பிருவானே."

"நம்பணும்னுதான செய்யுதான்" என்றான் தம்பி. சிரித்தான். நானும் சிரித்தேன்.

இறக்கையை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, நேராகப் போகுமா என்று பார்க்க நூலில் கட்டி அவன் தலைக்கு மேலே சுழற்றினான். ஆடுகள் மிரண்டு கடற்கரை வரை ஓடின, ராக்கெட் மூக்கு முன்னால் பார்த்தபடி வட்டமடித்தது. மருந்தை வாணக்கார பக்கீர் மைதீன் அண்ணாச்சி கெட்டித்துக் கொடுத்தார், எங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாணம் விடுகிறவர். குறை ஒன்றுதான். வெயிலில் கிடந்த பெட்டியில் பாராசூட்டின் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்திருந்தது.

"என் துண்ட வெட்டு" என்றேன். "பேரம் நடந்த துண்டு. கயிறா வந்த சாமான் அதுலதான் இறங்கணும்."

லிங்கதுரை கத்திரியை எடுக்கவில்லை. "குடைத்துணி போதும்க்கா. அப்பா துண்டு எதுக்கு?"

"வெட்டுல."

அவன் வெட்டவில்லை. நான்தான் நடுவில் ஒரு முழம் சதுரமாக வெட்டினேன். ரப்பர் கயிற்றை நம்பாமல் அதோடு ஒரு ஆட்டுக் கயிற்றின் புரியையும் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். மிச்சத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன், நடுவில் சன்னல் வைத்த மாதிரி இருந்தது.

கம்பெனி பூசை போட்ட அன்று காலையில் விட்டோம். புகையைக் கக்கிக்கொண்டு பனைகளைத் தாண்டிப் போனது, உச்சியில் டப்பென்று ஒரு சத்தம், மூக்கு கழன்றது, துண்டு விரிந்தது, நின்றது. மேனேஜர் கைதட்டினார். "காத்து இருக்கு, மெதுவா இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். காற்று நின்ற பிறகும் அது அங்கேயே, இரண்டு பனை உயரத்தில், துண்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அதன் நிழல் கோயில் முன்னால் இருக்கும் மந்தைவெளியில் விழுந்தது. ராக்கெட்டின் நிழல் இல்லை. இரண்டு கைகளின் நிழல். ஒரு கையில் காப்பு, அது என் கை. இன்னொன்று சட்டைக் கை, பொத்தான் வரைக்கும் தெரிந்தது, அது மேனேஜர் கை. அந்தக் கை ஒரு விரலைப் பிடிக்கும், என் கை உதறும், இரண்டைப் பிடிக்கும், என் கை மறையும், திரும்ப வரும், வெயில் சாயும்போது நாலையும் பிடிக்கும். மறுநாள் காலையில் முதலிலிருந்து.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், ஒரு புது மருமகள் வந்தால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. முதலில் குறை சொன்னது, பிறகு வேலை வாங்கியது. ஒரு விரலுக்குக் கஞ்சி, இரண்டுக்கு ஆடு திருப்புவது, நாலுக்கு விளக்கேற்றுவது என்று பெண்கள் நேரம் வைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை நிழல் நகர நகர நகர்த்தினார். மினிபஸ் கண்டக்டர் "கை நிழல், கை நிழல் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தான். வெளியூர்த் தரகர்கள் வந்து பார்த்து, நான் எழுந்து போகிற இடத்தில் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கோயில் மந்தையில் விழுகிற நிழல் கோயிலுக்கா, மந்தைக்கா, பேராச்சிக்கா என்று ஒரு ஊர்க்கூட்டம் நடந்து அடிதடியில் முடிந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, "யாருக்கும் தொந்தரவு இல்லேல்லா?" என்று கேட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். துண்டுக்குள் பேசியது வெளியே வருவது தொழிலுக்கு ஆகாதுதான். ஆனால் அதை நான் சொல்லவில்லை, துண்டே சொல்கிறது. சுத்தமான பேரம், ஊரே பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். லிங்கதுரை மட்டும் மந்தைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள், வேலை சரியாக இருக்கிறது என்றான்.

பக்ரீத் வந்தது. அந்தப் பருவத்தில் நான் ஊரில் கால் வைக்க மாட்டேன். மேலப்பாளையம், கடையநல்லூர் என்று ஆட்டோடு ஆடாக அலைந்தேன். அந்தச் சமயத்தில்தான் காற்று மாறியிருக்கிறது. கீழ்க்காற்றான கொண்டல் ஓய்ந்து மேல்காற்றான கச்சான் எழும்பியதும், மேலே துண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

யாவாரம் முடிந்து நான் வந்து இறங்கியபோது மந்தையில் ஓலைப் பந்தல் போட்டிருந்தது. நிழல் விழுகிற இடத்துக்கு மேலே, அது நகர்கிற பாதை முழுவதற்கும், நீளமாக.

"எதுக்கு பந்தலு? கல்யாணமா?" என்றேன்.

"வெயிலுல்லா மயினி" என்றாள் எதிர்வீட்டு சுயம்புக்கனி. கண்ணைப் பார்க்கவில்லை.

"நெழலுக்கு மேல எவளாவது நெழலு போடுவாளாட்டி?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். குடத்தில் இருந்தது ஊத்துத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர், அதன் வாடை எனக்குத் தெரியும். ஊத்துப் பக்கம் பார்த்தேன். தேரி அடிவாரத்தில் கம்பி வேலி மின்னியது. ஊத்து வேலிக்கு உள்ளே இருந்தது.

டீக்கடையில் செல்லையாப் பெரியவர் இருந்தார், ஊர்த் தலைவர், அப்பாவோடு சந்தைக்குப் போனவர். "என்ன பெரியப்பா இது?" என்றேன். "உக்காரு பேராச்சி, டீ குடி" என்றார். கூட இருந்த ஆம்பளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்னைப் பார்க்காமல் இருக்க அந்த ஊரில் இப்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கப் பழகியிருந்தார்கள்.

நான் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்து ஆட்டினேன். ஒன்று சாய்ந்தது, அடுத்ததைப் பிடித்தேன், யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவிக்கும் வரவில்லை, ஓலை முகத்தில் கிழிக்கக் கிழிக்க மொத்தப் பந்தலையும் ஒற்றையாளாய்ச் சாய்த்து இழுத்துப் போட்டேன். நிழல் மணலில் விழுந்தது.

அதே சட்டைக் கை. ஆனால் எதிரே காப்பு போட்ட கை இல்லை. கட்டைவிரல் நுனி இரண்டாகப் பிளந்த கை. சட்டைக் கை நாலு விரலைப் பிடித்தது, பிளந்த விரல்காரன் கை உதறவில்லை. மெதுவாக மடங்கி, கட்டைவிரலோடு சேர்த்துத் தன்னையே முழுசாகக் கொடுத்தது. சட்டைக் கை அமுக்கிப் பிடித்தது. மொத்தமும். அங்கே எழுந்து போவது இல்லை, கூட்டிவருவது இல்லை. ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் முடிந்துபோன பேரம். என் தம்பி என் துண்டுக்குள்ளேயே, நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, என் அப்பாவின் வேர்வை மணக்கிற துணிக்குள் கையை விட்டு ஊத்தைக் கொடுத்திருக்கிறான். அதனால்தான் துவைத்தும் கொடுத்திருக்கிறான்.

"எத்தன நாளாத் தெரியும்?" என்று ஊரைக் கேட்டேன்.

"கச்சான் எழும்புனதுலேருந்து" என்றார் செல்லையாப் பெரியவர்.

"ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா பெரியப்பா?"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, பரிவுதான் இருந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "உனக்குத் தெரியாமலா நடந்திருக்கும்? உன் துண்டு. உன் தம்பி. தரகு பாக்கவ, ரெண்டு பக்கமும் பேசியிருப்ப, அதுல தப்புச் சொல்ல முடியாது. நீ வந்து பாத்தா வெக்கப்படுவியேன்னு பொம்பளையள்லாம் சேந்துதான் பந்தலு போடச் சொன்னாவ. எங்க வீட்டுப் பையலுவளுக்கும் கம்பெனியில வேலை குடுத்திருக்கான். நாங்க யாரும் உன்னக் கேக்கல, பாத்துக்க."

என்னை எத்தனையோ பேர் ஏமாற்றியிருக்கிறார்கள். செத்த ஆட்டைத் தூங்குகிறது என்று விற்றிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் கால்மாட்டில் கிடந்த ஓலையை எடுத்து ஓரமாகப் போட்டேன். நான் விற்றுவிட்டேன் என்று நம்பி, அதை மன்னித்தும் விட்டு, என் மானத்துக்கு ஓலை வேய்ந்திருக்கிறது ஊர்.

யாரோ சொல்லி லிங்கதுரை வந்தான். நீலச் சீருடை, தொப்பி. சாய்ந்த பந்தலைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"எக்கா, ஊத்து எந்நாளும் இருக்காது. நாளைக்கு வத்துனா? கம்பெனி குழாய் போட்டுத் தாரேன்னுருக்கான்."

"அவன் கேக்கலையால, உங்கக்காவுக்குத் தெரியுமான்னு?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "தெரியும்னு சொன்னேன்."

"கைய நீட்டு" என்றேன்.

"எல்லாரும் பாக்காவக்கா."

"பாக்கட்டும். நீட்டு."

நீட்டினான். நான் பிடித்தேன். மேலே யாரோ பிடியை விட்ட மாதிரி ராக்கெட் இறங்கத் தொடங்கியது, அவசரமில்லாமல், படத்தில் போட்டிருந்த மாதிரியே அழகாக இறங்கியது. துண்டு எங்கள் இரண்டு கை மேலும் விழுந்து மூடியது, அட்டைக் குழாய் கயிற்றில் தொங்கி என் முட்டியில் இடித்தது. ஊர் பக்கத்தில் வந்து வட்டமாக நின்றது.

"கேட்டுக்க" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நீ நாலு விரலப் பிடிச்சேன்னா, இப்பமே போயி ரெண்டு பேருமாக் கல்லப் பிடுங்கி நாலு கயிறு தள்ளி நடுவோம். வேலிக்கு உள்ளருந்து நீ சொன்னா அவன் கேட்டுத்தான் ஆவணும். வேல போனாப் போவட்டும். ஊரு முன்னால உன் பேரச் சொல்ல மாட்டேன், நாந்தான் வித்தேன், நாந்தான் மீட்டேன்னு சொல்லுவேன். இல்லைன்னா எப்படிப் பிடிக்கணும்னு உனக்குத் தெரியும்."

துண்டுக்குள் நாலு விரலை நீட்டி வைத்தேன். கட்டைவிரலை மடக்கி உள்ளே ஒளித்தேன், அவனுக்குப் பிடிக்க லேசாக இருக்கட்டும் என்று.

அவன் விரல் என் விரலைத் தொட்டது. ஒன்றைத் தொட்டது, இரண்டைத் தொட்டது, நாலையும் தடவியது, அங்கே நின்றது. அவனுக்கு வேர்த்தது. பிறகு அந்தப் பிளந்த நுனி உள்ளே நுழைந்து, ஒளித்து வைத்த என் கட்டைவிரலைத் தேடிக் கண்டுபிடித்தது. கையை முழுசாகப் பிடித்தான். சந்தைக் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று சின்னப் பிள்ளையில் என் கையை அப்படித்தான் பிடிப்பான்.

"என்ன முடிஞ்சுது பேராச்சி?" என்றார் செல்லையாப் பெரியவர்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் துண்டுக்குள் நடந்த எதையும் நான் வெளியே விட்டதில்லை. இடது கையால் துண்டின் ஓரத்தைப் பிடித்தேன்.

"பேராச்சி, அது தொழிலுக்கு ஆகாது" என்றார்.

துண்டை விலக்கினேன். அவன் கை என் கையைப் பிடித்திருந்த பிடியை ஊர் பார்த்தது. விடச் சொல்லி நான் உதறவில்லை, எல்லாரும் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். சுயம்புக்கனி குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டு என் கையில் இருந்தது, மேலே வெறும் வானம் இருந்தது, மணலில் அந்த நிழல் மட்டும் போகாமல் கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது. தேரி மணல் எத்தனையோ தடவை அதன் மேல் ஏறிவிட்டது, மணலுக்கு மேலே வந்து கிடக்கிறது.

மறுநாள் ராக்கெட்டையும் கயிற்றையும் அதே அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கயிறு திரும்பினால் அந்தத் துண்டுக்குள் நடந்த இரண்டு பேரமும் முறிந்தது, அதை எந்த மேனேஜரும் மறுக்க முடியாது, அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, கேட்காமலேயே, ஊர் வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஊத்து கொப்புளிக்கிற சத்தம் கேட்டது, ஆடுகள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன.

கேட்டில் நீலச் சீருடையில் நின்றவன், "பாஸ் இருக்கா?" என்று கேட்டான். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்கும்போது வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.